ஆறு மாதம் உப்புக்கு, ஆறு மாதம் பறவைக்கு

கோடிக்கரையில் எடுக்கப்படும் பறவைப் படங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும். கணுக்கால் அளவு தண்ணீர், அதில் வரிசைகட்டி நிற்கும் பூநாரைகள், அவற்றுக்குப் பின்னால் வானும் நீரும் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய கோடு. வீடு இல்லை, படகு இல்லை, ஆள் இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தின் தெற்கு மூலையில், வங்காள விரிகுடாவும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனையில் இருக்கிறது இந்தக் கரை. மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில் நீண்ட லென்ஸோடு அங்கே வருகிறவர்கள் ஒரு பகலைக் கழிக்கும் முறையும் ஏறக்குறைய ஒன்றுதான்: விடியலில் புல்வெளியில் வெளிமான், வெயில் ஏறுமுன் சதுப்பில் உள்ளானும் உப்புக்கொத்தியும் பூநாரையும், சாயங்காலம் மணல்திட்டில் ஆலாக்களும் கடற்காகங்களும். இருட்டியபின் அவர்கள் எடுத்துச் செல்லும் படங்கள் எல்லாம் சேர்ந்து ஒன்றைச் சொல்கின்றன: இது மனிதர் தொடாத கரை. அது உண்மையல்ல. கரையைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு அது தப்பான வழியையும் காட்டிவிடுகிறது. கோடிக்கரை நெடுங்காலமாக உழைப்பு நடந்துவரும் நிலம். மனிதரும் பறவையும் அந்த நிலத்தை ஆண்டின் வெவ்வேறு மாதங்களில் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வந்தார்கள். அந்தப் பங்கீடு இருந்தவரை இருவருக்கும் இடம் இருந்தது. ஒரு நொடியில் எடுக்கப்படும் படம் ஒரு பருவத்தைக் காட்டும். ஒரு பருவம் இன்னொரு பருவத்துக்கு இடம்விட்ட கதை அதில் விழாது.

இந்தக் கரையைத் தனிமையின் இடமாகப் பார்க்கும் பழக்கம் கேமராவோடு வந்ததல்ல என்று ஒருவர் சொல்லலாம். அதில் நியாயம் உண்டு. சேரமான் பெருமாளோடு இங்கே வந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் சுந்தரர், கோடிக்குழகர் மீது பாடிய பதிகத்தில், கடற்காற்று மோதும் கரையில் அக்கம்பக்கத்தில் குடியே இல்லாமல் இறைவன் தனியே இருப்பதைக் கண்டு மனம் உருகுகிறார். அவர் காலத்திலேயே இது ஆளற்ற கரை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆனால் அதே பதிகத்தைக் கடைசிவரை வாசித்தால் காட்சி வேறாகிறது. மரப்பொந்தில் கூகையும் ஆந்தையும் குழறுகின்றன. வேடர்கள் திரிகிறார்கள், அவர்கள் பொல்லாதவர்கள் என்று சுந்தரர் அஞ்சுகிறார். அதாவது பாடலில் இல்லாதது கோயிலை ஒட்டிய ஊர் மட்டும்; காட்டைப் பயன்படுத்திய மனிதர்கள் அதில் இருக்கிறார்கள். ஊர் இல்லாத முனையில் ஒரு கோயில் ஏன் எழுந்தது என்ற கேள்விக்கும் கடல்தான் பதில். முனையைச் சுற்றிப் போகும் கலங்களுக்கும், நீராட வரும் அடியார்களுக்கும் அது தேவைப்பட்டது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இன்றும் ஆயிரக்கணக்கானோர் இந்தக் கடலில் குளிக்கிறார்கள். தை அமாவாசை பறவைப் பருவத்தின் நட்டநடுவில் வருகிறது. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று ஊரார் சொல்லிவந்த செங்கல் கட்டடத்தின் எச்சம் 2004 ஆழிப்பேரலையில் சிதைந்துபோகும்வரை கரையில் நின்றது. தமிழ் வாசகர்களில் பலருக்குக் கோடிக்கரை என்றாலே கல்கியின் பொன்னியின் செல்வனும் பூங்குழலியும் புதைசேறும்தான் நினைவுக்கு வரும். அந்தக் கதையிலும் கலங்கரை விளக்கைக் காக்கும் குடும்பம் இருக்கிறது, படகு இருக்கிறது, கடல் கடக்கும் ஒற்றர்கள் இருக்கிறார்கள். 1950களில் அதை எழுதிய கல்கிக்குத் தனிமையும் போக்குவரத்தும் ஒரே இடத்தில் இருக்கலாம் என்பது சிரமமான யோசனையாகத் தோன்றவில்லை.

மனித நடமாட்டத்தின் இந்தச் சான்றுகள் எல்லாம் முனையைப் பற்றியவை. பறவைகளின் கதை முனையில் இல்லை, அதற்குப் பின்னால் மேற்கே நீண்டு கிடக்கும் வேதாரண்யம் சதுப்பில் இருக்கிறது. மணல்மேட்டுக்கு உள்பக்கம், கடலோரத்துக்கு இணையாக, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரைக்கும் பரந்த இந்தச் சேற்று வெளி மிகத் தட்டையானது. சரணாலயத்துக்குள் ஆகப் பெரிய மேடு என்று சொல்லப்படும் இராமர் பாதமே சில மீட்டர் உயரம்தான். இத்தனை தட்டையான நிலத்தில் ஒரு சாண் தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் பல சதுர மைல் முகம் மாறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை கொட்டும்போது, காவிரியின் கடைசிக் கிளைகளும் வடிகால்களும் டெல்டா வயல்களின் மிச்ச நீரைக் கொண்டுவந்து இதில் விடும். சதுப்பு நிறையும், உப்பு கரைந்து நீர் இளகும். தை, மாசியில் நீர் வடியத் தொடங்கும். பங்குனி, சித்திரையில் வெயில் ஏற ஏற மிச்சம் இருக்கும் நீர் சுண்டி, சேற்றின் மேல் தானாகவே உப்பு பூக்கும். பாத்தி கட்டாமல், நீர் இறைக்காமல், யாரும் விளைவிக்காமல் விளையும் உப்பு அது. இந்த ஏற்றஇறக்கத்தைப் புரிந்துகொண்டால்தான் மற்ற எல்லாம் புரியும். வட ஆசியாவில் கோடை ஓயத் தொடங்கியதும் கிளம்பும் உள்ளான்கள் இங்கே வந்து சேரும் மாதங்கள் சதுப்பு நிறைந்து வடியும் மாதங்கள். அவை கூட்டங்கூட்டமாகத் திரும்பிப் போகும் சித்திரை உப்பு பூக்கும் மாதம். பறவை கிளம்பிய சேற்றில்தான் மனிதர் இறங்கி உப்பு வாரினார்கள்.

தானாக விளைந்த இந்த உப்புதான் அரசாங்கங்களுக்குத் தலைவலியாக இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. காய்ச்சுகிறவனையும் பாத்தி கட்டுகிறவனையும் கட்டுப்படுத்தலாம். வெயிலை எப்படிக் கட்டுப்படுத்துவது? ஆகவே உப்பு இலாகாவின் காவலர்கள் சதுப்புகளில் ரோந்து போனார்கள். இயற்கையாகப் பூத்த உப்பை மக்கள் அள்ளிவிடாமல் காத்தார்கள், பல இடங்களில் மண்ணோடு கலந்து அழித்தார்கள். நிலத்தின் பருவச் சுழற்சியில் மனிதருக்கு உரிய பாதியை அரசு பறித்துக்கொண்டது என்று இதைச் சொல்லலாம். இராஜாஜி 1930இல் தமிழ்நாட்டு உப்புச் சத்தியாகிரகத்துக்கு வேதாரண்யத்தைத் தேர்ந்தெடுத்ததன் பொருள் இந்தப் பின்னணியில்தான் விளங்கும். ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சிராப்பள்ளியில் ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு புறப்பட்டார். 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார். 30ஆம் தேதி விடியலில் அகத்தியம்பள்ளியில் உப்பை அள்ளிக் கைதானார். தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சாவூர் ஆட்சியர் தார்ன் அறிவித்திருந்தும் வழிநெடுக மக்கள் சோறு போட்டார்கள். வேதாரண்யத்தில் வேதரத்தினம் பிள்ளை தாங்கிநின்றார். இவையெல்லாம் நன்கு அறியப்பட்ட செய்திகள். பறவை பார்ப்பவர்களின் கண்ணில் படவேண்டியது வேறொன்று: அந்தத் தேதி. சித்திரை நடுவில் அந்தச் சேறு உப்பு தரும் என்று உள்ளூர் அறிவுக்குத் தெரிந்திருந்தது. சில மாதம் முன்னால் வந்திருந்தால் தொண்டர்கள் தண்ணீரில், உள்ளான்களுக்கு நடுவே நின்றிருப்பார்கள். நாடு கொண்டாடும் ஒரு நிகழ்வும், நாடு காக்கும் ஒரு சதுப்பும் ஒரே நிலத்தின் இரண்டு பருவங்கள். நினைவுத்தூண் ஒரு பக்கம், சரணாலயப் பலகை ஒரு பக்கம் என்று அவற்றைப் பிரித்துவைத்ததால் இரண்டின் வரலாறும் குறைபட்டுக் கிடக்கிறது.

இந்தப் பங்கீட்டை ஓர் ஒப்பந்தம்போல் நான் வர்ணிப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நீர் ஏறி இறங்கும் முறை அப்படி அமைத்தது. அதில் விலக்குகளும் உண்டு. இனப்பெருக்க வயதை எட்டாத இளம் உள்ளான்கள் சில கோடையிலும் இங்கேயே தங்கிவிடும். பூநாரைகளும் கோடையில் முற்றாகப் போய்விடுவதில்லை. மீனவர்கள் விஷயத்தில் பங்கீடு காலத்தால் அமையவே இல்லை. அக்டோபர் தொடங்கி மார்ச் வரை பக்கத்து ஊர்களிலிருந்து படகுகளோடு வந்து கோடிக்கரையில் தங்கி மீன்பிடிப்பது பழைய வழக்கம்; பறவை வரும் அதே மாதங்களில் அவர்களும் வலசை வருகிறார்கள். ஆனால் அவர்கள் தொழில் கிழக்கே கடல்முகத்தில், பறவைகளின் மேய்ச்சல் உள்ளே சேற்றில். உரசல் வருவது கடல்முகத்திலேதான். பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும் மாதங்களும் மீன்பிடிப் பருவமும் ஒன்றின்மேல் ஒன்று விழுவதால் வலையில் சிக்கி ஆமைகள் சாகின்றன. காலத்தாலோ இடத்தாலோ பங்கீடு இருந்த இடத்தில் பறவை தப்பியது. இரண்டும் இல்லாத இடத்தில் ஆமை சிக்கியது.

பூநாரைக்கும் உப்புக்கும் உள்ள உறவு பலருக்கு ஆச்சரியம் தரும். மிக இளகிய நீரில் மீன் பெருகும். உப்பு ஏற ஏற மீன் குறைந்து, உப்பைத் தாங்கும் நுண்பாசிகளும், உப்புநீர் இறாலும், சிறு பூச்சிகளின் புழுக்களும் பெருகும். மீனின் போட்டி இல்லாத அந்த நீரில்தான் பூநாரை தலைகீழாக அலகை ஆழ்த்திச் சலித்துத் தின்கிறது. உப்பு இன்னும் ஏறி, படியும் நிலைக்கு வந்துவிட்டால் அங்கே பறவைக்கு எதுவும் இல்லை. ஆக, வெவ்வேறு அளவு உப்புள்ள நீர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதே பறவை வகை பெருகுவதற்கு வேண்டிய நிலை. சதுப்பு தானாகவே அதைச் செய்தது; உப்பளமும், கடல்நீரைப் படிப்படியாகச் சுண்டவைக்கும் தொழில் என்பதால், தன்னை அறியாமலே அதைச் செய்கிறது. கடல்நீர் முதலில் தேங்கும் பெரிய பரப்புகளில் பறவை மேயும். உப்பு படியும் கடைசிப் பாத்திகளில் மேயாது. கோடிக்கரையில் பறவை பார்ப்பவர்கள் தவறாமல் போகும் இடங்களில் ஒன்றின் பெயர் பம்ப் ஹவுஸ். உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்க எழுந்த கட்டடம் அது. தொடாத இயற்கையின் படங்கள் பல அந்த இடத்தில் நின்று எடுக்கப்பட்டவை. லென்ஸ் மட்டும் கட்டடத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும்.

அப்படித் திருப்பும் பழக்கம் எங்கிருந்து வந்தது? பறவைப் படக்கலையின் தொடக்கம் கூட்டில் இருக்கிறது. கண்ணாடித் தகடும், மெதுவான மூடியும், கனத்த முக்காலியும் கொண்ட காலத்தில் பறக்கும் பறவையைப் பிடிப்பது அரிது; பறவை திரும்பத் திரும்ப வந்து உட்காரும் ஒரே இடம் கூடு. இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் 1895இல் வெளியிட்ட, படங்கள் எல்லாம் புகைப்படங்களாகவே அமைந்த நூல் பறவைக் கூடுகளைப் பற்றியதாக இருந்தது தற்செயல் அல்ல. கோடிக்கரையின் உள்ளான்கள் இங்கே கூடு கட்டுவதில்லை. அவற்றின் கூடுகள் சைபீரியத் தூந்திரத்தில். இங்கே அவை தின்கின்றன, இளைப்பாறுகின்றன, கொழுப்பு ஏற்றிக்கொண்டு கிளம்புகின்றன; ஓரிடத்தில் நிற்பதில்லை. அதனால் இந்தக் கரைப்பறவைகளைப் பற்றிய அறிவு கேமராவால் வரவில்லை. முதலில் துப்பாக்கியால் வந்தது, அருங்காட்சியக அலமாரிகளில் பாடம்செய்த தோல்களாக. பிறகு வலையால் வந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காக சலீம் அலி 1959இல் தொடங்கிய பெரிய வளையமிடும் திட்டத்துக்கு உலக சுகாதார நிறுவனம் பணம் தந்தது. 1957இல் கர்நாடகத்துக் கியாசனூர் காட்டில் தலைகாட்டிய காய்ச்சலை வலசைப் பறவைகள் கொண்டுவந்தனவா என்ற சந்தேகமே அதற்குக் காரணம். பின்னாளில் கழகத்தின் முக்கியமான ஆய்வு நிலையங்களில் ஒன்றாகக் கோடிக்கரை ஆனது. பறவை பிடிக்க அமர்த்தப்பட்டவர்களில் பீகாரின் மிர்ஷிகார் சமூகத்தினர் முக்கியமானவர்கள். விற்பதற்காகப் பறவை பிடிப்பதில் தலைமுறைகளாகத் தேர்ந்த கைகள் அவை. அலுமினிய வளையம் மாட்டி, எடை பார்த்து, பறக்கவிடும் வேலைக்கு அதே கைத்திறன் பயன்பட்டது. வேட்டைத் தொழிலின் அறிவு அறிவியலுக்குள் நுழைந்த விதம் இது. நம் இயற்கை வரலாற்று எழுத்தில் அதற்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை.

வலை கண்டதைக் கண் தவறவிட்டிருக்கும் என்பதற்கு நல்ல சான்று ஒரு சிறு உள்ளான். அலகின் நுனி கரண்டிபோல் பரந்திருக்கும். ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் கூடு கட்டும். இன்று உலகிலேயே மிக அருகிப்போன பறவைகளில் ஒன்று. 1980களில் கோடிக்கரையில் அது பதிவானது. ஆயிரக்கணக்கான கொசு உள்ளான்கள் சேற்றில் மேயும்போது நடுவே ஒன்று அலகு வேறாக இருந்தால், தொலைவில் நிற்கும் லென்ஸுக்கு அது தெரிய வாய்ப்பு குறைவு; படக்காரர் பெரும்பாலும் கொசு உள்ளான் கூட்டத்தின் பக்கமே திரும்பமாட்டார். நிறத்தாலும் உருவத்தாலும் கண்ணைப் பறிக்கும் பறவைக்கே படம் முன்னுரிமை தரும். பூநாரைக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்கும், இந்தச் சதுப்பின் பெரும்பான்மைக் குடிகளான மண்நிற உள்ளான்களுக்குக் கிடைக்காதது இதனால்தான். கரையின் பெயர் பரவியது. கரையின் கணக்கு பரவவில்லை.

தமிழ்நாட்டில் காட்டுயிர்ப் படக்கலைக்கு வேறொரு மரபும் இருந்தது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். நாவலாசிரியர் மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர், கடைசிவரை கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தார், ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் இறக்கும்வரை இயற்கை பற்றிய பத்தி எழுதினார், தமிழிலும் எழுதினார். விலங்கின் முகத்தைவிட அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதில் அவருக்கு அக்கறை அதிகம். அவருக்குப் படம் என்பது குறிப்பேட்டின் ஒரு பக்கம். எழுத்து இல்லாமல் அது முழுமையடையாது. நிறமும் நெருக்கமும் சுலபமான பிறகு அந்த மரபு ஒதுங்கியது. பறவையின் கண்ணில் விழும் ஒளிப்புள்ளி வரைக்கும் துல்லியமாகக் காட்டும் படத்தில், அது நிற்கும் தண்ணீர் மழைநீரா கடல்நீரா என்பது இல்லாமல் போயிற்று. இதைக் கருவியின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. எதைச் சட்டத்துக்குள் வைப்பது என்பது எடுப்பவரின் முடிவு.

இந்த வாதத்துக்கு எதிரான கேள்விகளில் முதலாவது கனமானது. உப்பளம் பறவைக்கு நண்பன் என்றால், கோடிக்கரையில் கரைப்பறவைகள் ஏன் இவ்வளவு குறைந்தன? 1980களோடு ஒப்பிட்டால் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்துவிட்டது என்று அங்கே நெடுங்காலம் வேலை செய்த ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். தொழிற்சாலைகளுக்கான பெரிய உப்பளங்கள் விரிந்ததை அதற்கான காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். இதை நான் மறுக்கவில்லை. என் வாதத்துக்கு இது துணையே. பழைய உப்பு வாருதல் பருவத்தோடு வந்து பருவத்தோடு போனது; மழை வந்ததும் சதுப்பு மறுபடி சதுப்பாயிற்று. பெரிய உப்பளம் அப்படிப் போவதில்லை. நிலையான கரைகள் எழுப்பி நீரோட்டத்தைத் தடுக்கிறது. பம்பு வைத்து ஆண்டு முழுதும் கடல்நீரை ஏற்றுகிறது. மழைநீர் வந்து உப்பைக் கரைக்கும் மாதங்களிலும் உப்பைக் காக்கிறது. இதற்கு மேலே தண்ணீரின் கதை வேறு. மேட்டூர் அணை 1934இல் முடிந்தபின் காவிரி வெள்ளத்தின் போக்கே மாறியது. பிந்தைய பதிற்றாண்டுகளில் டெல்டாவின் கடைமடைக்கு வரும் நன்னீர் மேலும் சுருங்கியது. வண்டலும் குறைந்தது. மழை மாதங்களில் இளகவேண்டிய சதுப்பு இளகாமல், உப்பு மேல் உப்பாக ஏறிக்கொண்டே போனது. ஆண்டை இரண்டாகப் பகுத்துவைத்த ஏற்றஇறக்கம் தட்டையாகிவிட்டது. மனிதர் இருந்ததால் பறவை குறைந்தது என்று இதைச் சுருக்குவது தப்பு. இருநூறு ஆண்டுக்கு முன்னும் மனிதர் இருந்தார்கள். பருவம் குலைந்ததால் பறவை குறைந்தது என்பதே சான்றுகளுக்கு நெருக்கமான முடிவு.

இரண்டாவது எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. இது தொடாத இயற்கை அல்ல, மனிதர் கைபட்ட நிலம்தான் என்று ஒப்புக்கொண்டால், நாளைக்கே இறால் பண்ணையும் துறைமுகமும் ரிசார்ட்டும் அதையே சாட்சியாகக் காட்டி உள்ளே வராதா? இந்தப் பயம் நியாயமானது. ஆனால் தொடாத நிலம் என்ற கூற்றை நம்பி இருப்பதில் அதைவிடப் பெரிய ஆபத்து உண்டு. அந்தக் கூற்று பொய் என்று காட்ட ஒரு உப்பு லாரியின் படம் போதும். அப்படிக் காட்டியதும் பாதுகாப்பின் அடிப்படையே ஆட்டம் காண்கிறது. மாறாக, எந்த உழைப்பு பறவையோடு சேர்ந்து வாழ்ந்தது, எது வாழவில்லை என்று வரலாற்றிலிருந்து பிரித்துச் சொல்ல முடிந்தால், அது எளிதில் உடையாது. பருவத்தோடு வரும் மீன்பிடிப்பையும் ஆண்டு முழுதும் நீரைத் தேக்கும் பண்ணையையும் ஒரே தட்டில் வைக்க யாராலும் முடியாது. பிற நாடுகள் இதைச் செய்து பார்த்திருக்கின்றன. பிரான்சின் கமார்க் பகுதியில் பூநாரைகள் கூடு கட்ட உப்பளத்துக்குள்ளேயே 1970ஐ ஒட்டி ஒரு மண்தீவு அமைத்தார்கள். 1974 முதல் அவை அதில் குஞ்சு பொரித்தன. உப்பளத்தின் நீர்மட்டம் அந்தப் பருவத்துக்கு நிலையாக இருந்தது அதற்குப் பெரிய துணை. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் 2003இல் அரசு வாங்கிய ஏறத்தாழ 15,000 ஏக்கர் உப்பளங்களை மறுபடி சதுப்பாக்கும் வேலை நடக்கிறது. அங்கேகூட எல்லாக் குளங்களையும் உடைத்துவிடவில்லை. கரைப்பறவைகள் அவற்றை நம்பியிருப்பதால் ஒரு பகுதியைக் குளமாகவே வைத்து, நீர்மட்டத்தை மட்டும் ஒழுங்குசெய்கிறார்கள். இரண்டு இடத்திலும் விவாதம் மனிதர் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. எந்த மாதம், எவ்வளவு நீர், எவ்வளவு உப்பு என்பதே அங்கே கேள்வி.

கோடிக்கரையின் சட்டப் பாதுகாப்பு இந்தக் கேள்வியைக் கேட்கும்படி அமையவில்லை. 1967இல் சரணாலயம் அறிவிக்கப்பட்டபோது பரப்பு ஏறத்தாழ 17 சதுர கிலோமீட்டர். முதல் நோக்கம் வெளிமான். பாலை மரங்கள் நிறைந்த வறண்ட பசுமைக்காடும் புல்வெளியும் கோட்டுக்குள் வந்தன. பறவைகளின் மேய்ச்சல் நிலமான சதுப்பின் பெரும்பகுதி வெளியே நின்றது. 2002இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, 38,500 ஹெக்டேர் அறிவிக்கப்பட்டபோதுதான் சதுப்பு, அலையாத்திக் காடு, உப்பளம் எல்லாம் ஒரே பெயருக்குள் வந்தன. அந்தத் தலத்தின் ஒரு பகுதி அரசு ஏடுகளில் அளக்கப்படாத உப்புச் சதுப்பு என்றே குறிக்கப்படுகிறது. நீர் ஏறும்போது ஏரியாகவும் இறங்கும்போது தரையாகவும் மாறும் நிலத்தை எந்த மாதத்தில் சங்கிலி போட்டு அளப்பது என்ற சங்கடம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. காட்டுக்குள்ளும் எதுவும் அசையாமல் இல்லை. சீமைக்கருவேலம் புல்வெளியைத் தின்று வெளிமானின் இடத்தைச் சுருக்கியது. 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் காட்டு மரங்களை முறித்து வீழ்த்தியது. மான்களும் பறவைகளும் கரைநெடுக இறந்து கிடந்தன. எல்லை போட்டுவிட்டால் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும் என்று எண்ண இந்த இடத்தின் வரலாறு இடம் தரவில்லை.

மூன்றாவதாகப் படக்காரர்களின் தரப்பு. தூய்மையான, ஆளற்ற படங்கள்தான் நகரத்து மக்களுக்கு இந்தக் கரைமேல் அன்பை உண்டாக்கின. உப்புக் குவியலையும் பம்பையும் காட்டியிருந்தால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்பார்கள். அன்பு பிறந்தது உண்மை. அதற்கு நான் நன்றியுள்ளவன். ஆனால் எதன்மேல் பிறந்தது என்று பார்க்க வேண்டும். ஆளற்ற கரையை நேசிக்கப் பழகியவர், அங்கே உப்பு வாருகிறவரையும் வலை காயவைப்பவரையும் ஊடுருவியவராகவே பார்ப்பார். வெயிலில் கால் வெடிக்க வேலை செய்யும் உப்பளத் தொழிலாளிக்கு, தன் வேலையிடத்துக்கு அருகிலேயே நின்று தன்னை மட்டும் தவிர்த்து எடுக்கப்படும் படத்தில் என்ன பங்கு இருக்க முடியும்? அவர் பகையானால் பறவைக்கு லாபமில்லை. மேலும், நெருக்கமான படத்துக்காகக் கூட்டத்தை எழுப்பி விரட்டுவதும் இந்தக் கற்பனையின் விளைவுதான். சேற்றில் மேயும் உள்ளான் மாசி, பங்குனியில் ஒவ்வொரு மணி நேரத்தையும் கொழுப்பாக மாற்றவேண்டிய நிலையில் இருக்கிறது; சைபீரியா வரைக்கும் அதுவே எரிபொருள். பத்து முறை எழுப்பினால் பத்து முறை அந்தச் சேமிப்பு கரைகிறது. அந்தப் பறவை வேலையில் இருக்கிறது என்று அறிந்தவர் அப்படிச் செய்யமாட்டார்.

கேமராவுக்கு இந்த வரலாற்றில் வேறொரு வேலை காத்திருக்கிறது. இப்போது வளையத்தோடு, எழுத்து பொறித்த சிறு நிறக்கொடிகளையும் பறவையின் காலில் மாட்டுகிறார்கள். அதைப் படிக்கப் பறவையை மறுபடி பிடிக்க வேண்டியதில்லை. தெளிவான ஒரு படம் போதும். சேற்றில் மேயும் மண்நிறப் பறவைகளின் கால்களை வரிசையாகப் படமெடுத்து, தேதியும் இடமும் குறித்து ஆய்வாளர்களுக்கு அனுப்புகிறவர், சலீம் அலியின் வலை விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்கிறார். அதோடு ஒன்று சேர்க்க வேண்டும். லென்ஸைப் பின்னுக்கு இழுத்து, பறவை நிற்கும் பாத்தியையும், அதன் கரையையும், அந்த மாதத்து நீர்மட்டத்தையும், பக்கத்தில் வேலை செய்யும் ஆளையும் அவர் சம்மதத்தோடு ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும். ஐப்பசியில் ஒன்று, தையில் ஒன்று, சித்திரையில் ஒன்று என ஒரே இடத்திலிருந்து பத்தாண்டு எடுத்த படங்கள் நம்மிடம் இருந்தால், சதுப்பு எந்த ஆண்டில் இளகியது, எந்த ஆண்டில் இளகவில்லை, எந்தக் கரை எப்போது எழுந்தது என்று நீர் விடுபவர்களிடமும் உப்பு விளைவிப்பவர்களிடமும் வனத்துறையிடமும் காட்டிப் பேச முடியும். பூநாரைப் படங்கள் லட்சக்கணக்கில் குவிந்திருக்கும் கரையில் இந்தப் படங்கள் மிகக் குறைவு. பறவை வராத சித்திரையில், உப்பு பூக்கும் நாட்களில், லென்ஸோடு கோடிக்கரைக்குப் போகிறவர்களும் மிகக் குறைவு.